இடப்பக்கம் வளைந்த புளியங்காய்

வலது கை மவுஸின்மேல் இருந்தது. ஆட்காட்டி விரல் ஒரு காதின் ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனது. ஒரு புள்ளி, கொஞ்சம் இழுப்பு, அடுத்த புள்ளி. இடது கையின் சுண்டுவிரல் கீபோர்டின் மூலையில் ஒரு பட்டனை அழுத்தியும் விட்டும் கூடவே வந்தது. காது மடலில் அவசரப்பட்டால் முகம் கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடும். அந்தக் கைகளுக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடமாக அவை காதுகளைச் சுற்றி வந்தவை. மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணின் ஜிமிக்கிக் காது, கட்சிக்காரரின் முடி முளைத்த காது, செத்துப்போனவர்களின் காது. இன்றைய காதின் மடலுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது. விரல் அங்கே வந்து நின்றது. வேறு யார் முகமாக இருந்தாலும் ஒரு நொடியில் தழும்பை மெழுகிவிட்டுப் போயிருக்கும்.

தழும்பை உள்ளேயே விட்டது.

“கோகிலா, அந்தக் காதுகுத்து பேனர் என்ன ஆச்சு? பார்ட்டி வந்து நிக்கறாரு” என்று கடைக்காரர் நவநீதன் முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

“மெஷின்ல ஓடுதுங்கண்ணா. இன்னும் நாலடி.”

நவநீதன் எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த முகத்தைக் கண்டதும் தலையை உள்ளிழுத்துக்கொண்டார்.

முகம் தர்மனுடையது. கோகிலவாணியின் புருஷன். செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

கோகிலவாணிக்கு வயது முப்பத்தொன்று. பிளஸ் டூ முடித்த கையோடு பாப்பாரப்பட்டியில் இந்த பிளெக்ஸ் கடைக்கு டைப் அடிக்க வந்தவள். டிசைன் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பு இருந்தவர் விட்டுப்போன ஃபைல்களைத் திறந்து லேயர் லேயராக உரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எந்த நிழல் எந்த எழுத்துக்கு அடியில் கிடக்கிறது, தங்கக் கலருக்குள் எத்தனை மஞ்சள் இருக்கிறது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதிவைப்பாள். திரையில் ஒரு மயிரிழை கோணினால் இருபதடி பேனரில் அது நாலு விரல் கோணும் என்பதால், அடித்து முடித்த பிறகும் டேப் பிடித்து அளப்பாள். “உன் வூட்டுக்காரரு சிரிக்கறதுக்கும் அளவு வெச்சிருப்பியா?” என்று நவநீதன் கேலி செய்வார். இப்போது அப்படியெல்லாம் கேட்பதில்லை.

தர்மன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். கான்கிரீட் கூரை போடுவதற்கு முன் இரும்புச் சீட்டுகளைப் பரப்பி, அடியில் ஜாக்கிகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. போன வருடம் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால், மதியம் மூன்று மணிக்கு, கோகிலவாணியின் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. “பாபி, தர்மன் பாய் கிர் கயா. தீஸ்ரா மாலா” என்று ஒரு குரல் அழுதது. பின்னால் இன்னொருவன் ஏதோ கத்தினான். போன் அடங்கிவிட்டது. அவளுக்கு இந்தி தெரியாது. பக்கத்து டயர் கடைப் பையனைக் கேட்டபோதுதான் அர்த்தம் விளங்கியது: அண்ணி, தர்மன் விழுந்துவிட்டார், மூன்றாவது மாடி.

அந்த ஊர் போலீஸ் கொடுத்த தாளில் வேறு இருந்தது. சைட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரம், அடையாளம் தெரியாத வாகனம் மோதியது என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை செய்யவில்லை என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அழைத்த நம்பர் அன்றோடு அணைந்தது. யார் யார் பெயரிலோ வாங்கிய சிம். அழைத்தவன் தர்மனோடு அந்த மாடியில் வேலை செய்த ஒடிசாக்காரன் என்பது மட்டும் தெரியும். இரண்டு பேர் இருந்தார்கள். தர்மன் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடுவான். நிஜப் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

வக்கீல் முடிவாகச் சொல்லியிருந்தார். “கண்ணால பாத்த ஒரு ஆளு வேணும்மா. ஒருத்தன் போதும். இருபதாம் தேதிக்குள்ள வர்லைன்னா கேஸை மூடிடுவாங்க. அப்பறம் நீ என்ன அழுதாலும் அவரு ரோட்டுல செத்தவருதான்.”

இன்று தேதி ஆறு.

இந்த யோசனையைக் கொண்டுவந்தவன் அன்பு. இண்டூர்க்காரன், இருபத்தாறு வயது, தர்மனின் செட்டில் இருந்தவன். ஆடிக்கு முன்கூட்டியே ஊருக்கு வந்துவிட்டதால் அன்றைக்கு அவன் சைட்டில் இல்லை. அதை அவனால் செரித்துக்கொள்ள முடியவில்லை. அவன் ராப் பாடுகிறவன். தகரக் கொட்டகையில் போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு போனில் பதிவு செய்து வெளியிடுவான். சினிமாப் பாட்டுபோல இனிக்காது. மிக்சர் ஓடுகிற சத்தம், கம்பி வெட்டுகிற சத்தம், நடுவில் கெட்ட வார்த்தை. கட்டட வேலை செய்கிற பசங்களிடம் அது போன் போனாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஒடிசாக்காரனுங்க, பீகார்க்காரனுங்க எல்லாம் நம்ம பாட்ட சைட்ல போடறானுங்க அண்ணி” என்றான் அன்பு. “ஒரு வார்த்த புரியாது. ஆனா தல ஆடும். சுத்தியல் சத்தம் புரியுது பாருங்க. அண்ணன் மேல ஒரு பாட்டு கட்டியிருக்கேன். பதினஞ்சாந் தேதி உடப்போறேன். பெரியவனோ சின்னவனோ எந்த ஊர்ல எந்தக் கொட்டாயில இருந்தாலும் அவன் போனுக்கு ஒருநா வரும். வரும்போது அதும்மேல இருக்கற படத்தப் பாத்து அவன் கட்டவெரலு நிக்கணும். அந்தப் படத்த நீங்கதான் செய்யணும்.”

பாட்டின் முகப்புப் படம். உள்ளங்கை அளவுச் சதுரம். போனில் பார்க்கும்போது தீப்பெட்டி அளவுகூட இருக்காது.

மூன்று நாள் செய்தாள். காதின் தழும்பு கெடாமல் வெட்டிய முகத்தை நடுவில் வைத்தாள். அவளிடம் இருந்த போட்டோவில் தர்மன் பனியனோடு இருந்ததால், கடையின் உடம்பு ஃபோல்டரிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு உடம்பை எடுத்துக் கழுத்தைப் பொருத்தினாள். பின்னால் மாடிக் கட்டடம். மேலே தங்க எழுத்தில் ‘மூணாவது மாடி’. எழுத்து தீப்பிடித்து எரிகிற மாதிரி ஓரம். ராப் என்றால் கோபம் இருக்க வேண்டும் என்பதால் தீ.

அன்பு வந்து பார்த்தான். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

“சிரிக்கறதுன்னா சிரி” என்றாள்.

“இல்லீங்கண்ணி... போன வாரம் எங்க பெரியப்பா செத்தாரு. அவரு போஸ்டர்லயும் இதே சட்ட, இதே வாட்ச்சு. எங்க பெரியப்பா பொறந்ததுலருந்து வாட்ச்சு கட்டுனதில்ல.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. திரையைத் திரும்பிப் பார்த்தாள். தீயை எடுத்துவிட்டு ஒரு விளக்கு வைத்தால் அது கண்ணீர் அஞ்சலி. பெயரை மாற்றினால் கட்சி பேனர். அவள் கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஒரு முகத்தைக் கொடுத்தால் உடனே அதற்கு ஒரு வெள்ளைச் சட்டை மாட்டிவிடுகிற கை.

“அதுவுமில்லாம” என்று அன்பு தயங்கினான். “அவனுங்க அண்ணன இப்பிடிப் பாத்ததே இல்லீங்கண்ணி. மூஞ்சி பூரா சிமெண்ட்டு, தலையில துண்டு. இந்த மூஞ்சிய ரோட்ல எதுக்கால பாத்தாக்கூடத் தெரியாது. எழுத்தும் படிக்கத் தெரியாது அவனுங்களுக்கு, தமிழ்ல.”

தேதி ஒன்பது ஆகியிருந்தது.

அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல், நெட்டில் ராப் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தாள். வெளிநாட்டுச் சுவர்கள், அதில் ஸ்பிரே எழுத்துகள், தலைமூடிச் சட்டை போட்ட ஆட்கள், சங்கிலி, மண்டையோடு. இரண்டு படம் அதேபோல் செய்து அன்புவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“அண்ணி, இது எந்த ஊரு செவுரு? செங்கல்லு நம்மூரு செங்கல்லே இல்லையே.”

“தெரியலடா. நெட்ல கெடச்சுது.”

“அண்ணன் கட்டடத்துல செங்கல்லே கெடையாதுங்க. பூரா சிமெண்ட்டுக் கல்லு.”

அவளுக்குக் கோபம் வந்தது. “அப்ப என்ன எழவத்தான் வெக்கறது? நீயே சொல்லு. முகம் வெச்சா வேணாங்கற, எழுத்து வெச்சா வேணாங்கற, செவுரு வெச்சா வேணாங்கற. பதினோரு நாள் இருக்குது அன்பு. பதினோரு நாள்.”

“பாட்ட முழுசாக் கேட்டீங்களா அண்ணி?” என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் கேட்டிருக்கவில்லை. அனுப்பி வைத்திருந்தான், முதல் வரியிலேயே நிறுத்தியிருந்தாள். தர்மனின் பெயர் வரும் என்று பயம்.

கடையின் பின்புறம், பிளெக்ஸ் ரோல்கள் சாய்த்து வைத்திருக்கும் சந்தில் நின்று கேட்டாள். பெயர் வரவில்லை. முதலில் இரும்புச் சீட்டில் சுத்தியல் விழுகிற சத்தம். அப்புறம் அன்புவின் குரல், தொண்டையில் மணல் கிடக்கிற மாதிரி:

எண்ணிப்பாரு எண்ணிப்பாரு ஜாக்கி எத்தன
ஏறிப்போனவன் எறங்கலன்னா கணக்கு பத்தல
மூணாம் மாடி முட்டுக்கொடுத்த கை யாரு கை
ரோட்டுல கெடந்தான்னு எழுதுன கை யாரு கை

இரண்டாவது தடவை கேட்கும்போது வார்த்தையை விட்டுவிட்டுச் சுத்தியலை மட்டும் கேட்டாள். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் நான்கு. ஒன்று, இரண்டு, ஒன்றுமில்லை, நான்கு. பாட்டு முடியும்வரை அப்படியே. அவள் அன்புவைக் கூப்பிட்டாள்.

“மூணாவது அடி எங்க?”

“நாங்க நாலு பேரும் வரிசையா நின்னு அடிப்பமுங்கண்ணி, சீட்டு ஜாயிண்ட்டுல. நானு, பெரியவன், அண்ணன், சின்னவன். மாத்தி மாத்தி அடிக்கறப்ப பாட்டுமாதிரியே இருக்கும். அண்ணன் மூணாவது. அத மட்டும் அடிக்காம உட்டுட்டேன். சைட்ல இருக்கறவனுக்குத் தெரியும், ஒராளு கொறையறான்னு.”

கோகிலவாணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் தர்மனின் முகம் இருந்தது. ஒவ்வொரு லேயராக அணைத்தாள். தீ போயிற்று. எழுத்து போயிற்று. வெள்ளைச் சட்டை போயிற்று. கடைசியில் முகம். அதை அணைக்க மட்டும் விரல் வரவில்லை. நோட்டை எடுத்து, “முகம் வேண்டாம்” என்று எழுதிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே அணைத்தாள். காலிச் சதுரம்.

அவனை மட்டும் எடுத்துவிட்டு, அவன் இருந்ததை எப்படிக் காட்டுவது? அந்த இரண்டு பேரின் கண்ணில் தர்மன் என்னவாகத் தெரிந்தான்? அவர்கள் அவனோடு சாப்பிட்டார்கள். அவன் கட்டிய ஜாக்கிக்கு அடியில் நின்றார்கள். கான்கிரீட் இறுகியபின் சீட்டைக் கழற்றுவது அவர்கள் வேலை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே கழற்றுவார்கள்.

அண்ணாந்து பார்த்தால்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நவநீதன் திரும்பிப் பார்த்தார். “என்ன, கரண்ட் ஷாக்கா?”

இரண்டு வருடத்துக்கு முன்னால் தர்மன் ஒரு அச்சு கேட்டான். சைட்டில் நாலு செட் ஆட்கள், எல்லாருடைய சீட்டும் கலந்துவிடுகிறது, தன் சீட்டுக்கு ஒரு அடையாளம் வேண்டும், ஸ்பிரே அடிக்க வசதியாக வெட்டிக்கொடு என்றான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “நீயே ஒரு புளியங்கா. அதையே வெட்டு” என்றான். கோபம் வந்தால் அவள் முகம் புளித்துப்போகும் என்பது அவன் கண்டுபிடிப்பு. கடையில் கிடந்த தடித்த பிளாஸ்டிக் தாளில் ஒரு புளியங்காய் வெட்டிக்கொடுத்தாள். மூன்று கொட்டை முடிச்சு, முனை வலப்பக்கமாக வளைந்து, மேலே சின்னக் காம்பு. சிவப்பு பெயிண்டில் அடித்தால் எட்ட இருந்தே தெரியும்.

அடையாளத்தைச் சீட்டின் அடிப்பக்கம்தான் அடிக்க வேண்டும். கான்கிரீட் படுகிற மேல்பக்கத்தில் யாரும் அடிக்க மாட்டார்கள். அங்கே கான்கிரீட் ஒட்டாமல் இருக்கக் கரி ஆயில் தடவியிருக்கும். ஆனால் ஆடிக்கு முன்னால் வேலையை முடித்துவிடுகிற அவசரத்தில், ஆயில் தடவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு சீட்டைத் தர்மன் பக்கம் மாற்றி எடுத்து, ஆயிலின் மேலேயே அச்சை அடித்துவிட்டான். அடித்த பிறகும் கவனிக்கவில்லை. மூன்றாவது மாடியின் கூரை அதன்மேல் ஊற்றப்பட்டது. பெயிண்ட் ஆயிலில் பிடிக்காமல் கான்கிரீட்டில் பிடித்துக்கொண்டது. சீட்டைக் கழற்றியபோது, கூரையின் அடியில் ஒரு சிவப்புப் புளியங்காய் தொங்கியது.

அன்று போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். “சூப்பர்வைசரு ஏறு ஏறுன்னு ஏறுறான். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் சிரிச்சு வயிறு வலி. புளிக்கு இந்தில இம்லியாம். இம்லி, இம்லின்னு என்னையவே கூப்புடறானுங்க இப்ப. உன் மூஞ்சிய பெங்களூர்ல கூரையில ஏத்திட்டேன் புள்ள, எறக்க முடியாது.”

அது அவன் சாவதற்கு நாலு நாள் முன்னால்.

இப்போது அந்தக் கூரையில் பூச்சுப் பூசி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்திருப்பார்கள். அடியில் யாரோ கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். படம் எடுத்துவைத்தவர் யாருமில்லை. அன்புவின் போனில் இருந்த வீடியோக்களை எல்லாம் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் செத்துப்போன தர்மன், திட்டிய சூப்பர்வைசர், காணாமல்போன இரண்டு பேர். அவ்வளவுதான்.

கோகிலவாணி புளியங்காயைத் திரையில் வரைந்தாள். சிமெண்ட் கலரில் பின்னணி வைத்தாள். பார்த்தால் மளிகைக் கடை புளிப் பாக்கெட். நிழல் கொடுத்தாள், சொரசொரப்புக் கொடுத்தாள், இன்னும் மோசமாகியது. அன்பு பாட்டில் பொய்ச் சுத்தியல் வைக்கவில்லை. நிஜச் சீட்டில் நிஜமாக அடித்துப் பதிவு செய்திருந்தான். அவள் மட்டும் கம்ப்யூட்டரில் சிமெண்ட் செய்துகொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரை அணைத்தாள்.

மறுநாள் தண்ணீர் வாளியும் பழைய தகரப் போர்டு ஒன்றுமாகப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நவநீதன் இடுப்பில் கைவைத்து நின்றார். “இது பிளெக்ஸ் கடையா, சென்ட்ரிங் செட்டா? ஆர்டர் எட்டு கெடக்குது அங்க.”

“மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேங்கண்ணா எட்டையும். இது மட்டும்...” தகரத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். “இது வர்லைன்னா எனக்கு வேற ஒண்ணும் கெடையாதுங்க.”

அவர் தகரத்தைப் பார்த்தார். “சிமெண்ட் எங்க வாங்கின?”

“இன்னும் இல்ல.”

“வூட்டுல பாத்ரூம் வேல மிச்சம் கால் மூட்ட கெடக்குது. கல்லாப் போறதுக்குள்ள எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, “மணல சலிச்சுக்கோ, சல்லி இருந்தா மொகம் வராது” என்று முன்பக்கம் போனபடியே சொன்னார்.

தகரத்தை இரண்டு கையகலத்துக்குச் சட்டம் கட்டினாள். பழைய அச்சு தர்மனோடு போய்விட்டது. புதிதாக ஒன்று வெட்டினாள், அதே வளைவு, அதே மூன்று முடிச்சு. அளவு நோட்டில் இருந்தது. சிவப்பு அடித்தாள். சலித்த மணலும் சிமெண்ட்டும் குழைத்து ஊற்றினாள். ஈரச் சாக்குப் போட்டு மூடினாள். பன்னிரண்டாம் தேதி காலையில் கழற்றியபோது வெறும் சாம்பல் கல்தான் வந்தது. பெயிண்ட் முழுவதும் தகரத்திலேயே ஒட்டியிருந்தது. ஆயில் தடவ மறந்திருந்தாள். அத்தனை யோசித்தவள் அதை மறந்திருந்தாள்.

மெக்கானிக் கடையில் கரி ஆயில் வாங்கி வந்தாள். அன்று காலையிலேயே இரண்டாவது வார்ப்பு. ஆயில் அதிகம். ஊற்றும்போதே சிவப்பு மிதந்து ஓடிக் கலைந்தது, இரத்தம் வழிந்தது போல. அதைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்க் குந்திவிட்டாள். விழுந்தபோது எப்படிக் கிடந்திருப்பான் என்று பதினோரு மாதம் யோசிக்காமல் தள்ளிவைத்தது எல்லாம் அந்தத் தகரத்தில் கிடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் முன்பக்கம் கேட்டிருக்க வேண்டும். மெஷினை வேலையில்லாமலேயே ஓடவிட்டார் நவநீதன்.

இன்னும் ஒரு வார்ப்புக்குத்தான் நாள் இருந்தது. பதினாலாம் தேதி மதியம் அன்புவுக்கு பெங்களூர் பஸ்.

முகம் கழுவிக்கொண்டு வந்து அன்புவுக்குப் போன் செய்தாள். “ஆயில் எவ்வளவு தடவுவீங்க?”

“தடவிட்டுத் துணியில தொடச்சிருவோம் அண்ணி. கைய வெச்சா கை பளபளங்கணும், சொட்டக்கூடாது. ஊத்தறப்ப ஒரேடியா ஊத்தாதீங்க. மொதல்ல ஒரு கை அள்ளி மெதுவா வெச்சு அமுக்குங்க.”

துடைத்தாள். உள்ளங்கை பளபளத்தது. அச்சை வைத்தாள், ஒரே இழுப்பாகச் சிவப்பை அடித்தாள். காய்வதற்குக் காத்திருந்தாள். கலவையை அள்ளி முதலில் காம்பின்மேல் வைத்தாள், அப்புறம் ஒவ்வொரு முடிச்சாக, குழந்தைக்குச் சோறு அமுக்குவது போல விரல் நுனியால் அமுக்கினாள். சட்டம் நிறைந்தது. சாக்கைப் போட்டாள். இரண்டு நாளும் மணிக்கொரு தரம் வந்து சாக்கை நனைத்தாள்.

பதினாலாம் தேதி மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர், மெஷின் எதுவும் இல்லை. கதவைத் திறந்து வைத்து வெயில் வெளிச்சத்தில் தகரத்தைக் கவிழ்த்தாள். அன்பு தோளில் பையோடு வந்து நின்றிருந்தான். நவநீதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், உட்காரவில்லை. ஓரத்தில் திருப்புளியை நுழைத்து நெம்பினாள். ஒரு மூலை விட்டது. இன்னொரு மூலை. தகரத்தைத் தூக்கினாள்.

சாம்பல் கல்லில் சிவப்புப் புளியங்காய் இருந்தது. முழுசாக இல்லை. நடு முடிச்சில் ஒரு காற்றுக் குமிழி விழுந்து பள்ளமாகியிருந்தது. காம்பின் ஓரம் ஆயிலில் கறுத்திருந்தது. கல்லின் மேல்முகம் முழுக்கத் தகரத்தின் கீறல்கள்.

அன்புவின் வாய் திறந்தது. “திரும்பியிருக்குது அண்ணி” என்றான். “அச்சுல வலதுபக்கம் வளையுது. இதுல இடதுபக்கம்.”

“ஆமா” என்றாள். அவளும் அப்போதுதான் பார்த்தாள். திரையில் அவள் வரைந்த எல்லாமே வலப்பக்கம் வளைந்திருந்தன. தர்மனின் சீட்டில் இருந்ததுபோல. ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் கண்ட புளியங்காய் இது. இடப்பக்கம் வளைந்தது. அதைப் பார்த்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இது தெரிய நியாயமில்லை.

அன்புவின் போனை வாங்கினாள். கல்லை வாசலில் சாய்வாக வைத்து, வெயில் பக்கவாட்டில் விழுகிற இடம் பார்த்து நாலு தடவை நகர்த்தினாள். கீறல்கள் தெரிய வேண்டும், ஆனால் சிவப்பு வெளுக்கக் கூடாது. ஏழாவது படம் சரியாக வந்தது. அதைச் சதுரமாக வெட்டினாள். புளியங்காயை நடுவில் வைக்கவில்லை. நாலாகப் பிரித்தால் மூன்றாவது இடத்தில் வருகிற மாதிரி கொஞ்சம் தள்ளி வைத்தாள். போனைக் கைநீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தாள். தீப்பெட்டி அளவிலும் தெரிந்தது.

“பாட்டுப் பேரு? அண்ணன் பேரு?” என்றான் அன்பு.

“ஒண்ணும் வேணாம். அவனுங்களுக்கு எழுத்துத் தெரியாது. அண்ணாந்து பாத்தது தெரியும்.”

நவநீதன் குனிந்து கல்லைப் பார்த்தார். பதினைந்து வருடக் கடையில் எழுத்தே இல்லாமல் ஒரு வேலை வெளியே போவதை அவர் பார்த்ததில்லை. “நடுவுல குண்டு விழுந்திருக்குதே” என்றார். “பூசி விட்டுரலாமா?”

“இருக்கட்டுங்கண்ணா.”

“நீயா சொல்ற?”

போனை அன்புவிடம் கொடுத்தாள். அவன் திரையைப் பார்த்தபடியே நின்றான். “அண்ணி, ஒருவேள...” என்று தொடங்கினான். “அவனுங்க பயந்துக்கிட்டு ஒடிசாவுக்கே போயிருந்தா? போனே வித்துட்டிருந்தா? பாத்தும் வரலைன்னா?”

“தெரியல அன்பு.” அவள் கண்கள் வறண்டு போயிருந்தன. “ஆறு நாள் இருக்குது. எனக்குச் செய்யத் தெரிஞ்சது இதுதான். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல.”

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கழிவுக் கட்டில் இருந்து ஒரு பிளெக்ஸ் துண்டை எடுத்தாள். தப்பாக அடித்து ஒதுக்கிய அஞ்சலி பேனர், யாருடையதோ வெள்ளைச் சட்டை உடம்பு. அச்சடித்த பக்கம் வெளியே இருக்கும்படி விரித்து, கல்லை அதன் வெள்ளை முதுகில் குப்புற வைத்தாள். மடித்து, மூலைகளை டேப்பால் ஒட்டினாள். ஒட்டாத இடத்தில் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கல்லின் மேல் அந்த அச்சுத் தாளையும் வைத்தாள். சைட் சைட்டாகக் கல்லைக் காட்டு, எந்த ஊரில், எந்தக் கொட்டகைச் சுவரில் அடிக்க முடியுமோ அங்கெல்லாம் அடி, ஆனால் அச்சைத் திருப்பிப் போட்டு அடி என்று சொன்னாள்.

“திருப்பிப் போட்டு” என்று அவன் ஒருமுறை சொல்லிக்கொண்டான்.

“கல்லு மூல இன்னும் ஈரமாத்தான் இருக்குது. நாளைக்குத்தான் இறுகும். பஸ்ஸுல மடியில வெச்சுக்கோ. கீழ வெக்காத.”

அன்பு தோள்பையை இறக்கி வைத்தான். உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். அவள் அடியில் இரண்டு கையும் கொடுத்துக் கல்லைத் தூக்கி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.